குஞ்சம்மாள் ஓட்டு

குரும்பலூர்
12-11-2025

சுமதிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கினால் அது பொய்யாக இருக்கும். பதினான்கு வருடமாகக் கேட்காதவள் இப்போது எதற்குக் கேட்கிறாள் என்று நினைப்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் ஒருவரை ஒருவர் பேசி முடிக்க விடமாட்டோம். அதனால்தான் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நம் ஊர் பெரிய வீட்டு நல்லதம்பியைப் பார்த்தேன். அவனாகவே வந்து பேசினான். தேர்தலுக்குத் தேர்தல் நம் பள்ளிக்கூடத்துச் சாவடியில் ஏஜென்டாக உட்காருகிறவன் அவன்தானே. "உங்க அம்மா ஓட்டு இதுவரைக்கும் ஒண்ணுகூட தப்பினதில்ல டீச்சர். போன வருசமும் விழுந்துச்சு" என்றான். சிரிக்காமல்தான் சொன்னான். அம்மா இறந்து பதினான்கு வருடம் ஆகிறதே, எப்படி விழும் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அந்தப் பேரு வர்றப்ப நான் எதுவும் கேக்குறதில்ல. அந்த ஓட்டுல கை வைக்க எங்க வூட்ல யாருக்கும் தைரியம் இல்ல" என்று சொல்லிவிட்டு அரியலூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

நான் பதினேழு தேர்தல்களில் சாவடி வேலை பார்த்தவள். இறந்தவர் பெயரில் ஓட்டுப் போட்டால் என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். அதைவிட, அது யாருடைய பெயர் என்று யோசித்துப் பார். நம் தெருப் பெண்களின் ஓட்டையெல்லாம் பெரிய வீட்டு ஆட்களே குத்திக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் ஓட்டை நாங்களே போடுவோம் என்று நாற்பத்தேழு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் நின்றவள் அம்மா. அவள் பெயரிலேயே கள்ள ஓட்டு விழுகிறது.

இப்போது பட்டியல் திருத்தம் நடக்கிறது. வீடு வீடாகப் படிவம் கொடுக்கிறார்கள். அம்மா பெயருக்கும் ஒன்று வந்திருக்கும். இறந்துவிட்டார் என்று எழுதி, நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மகள் என்ற முறையில் நான் போடுகிறேன். இறப்புச் சான்றிதழ் உன்னிடம் இருக்கிறது, படிவத்தோடு சேர்த்து அனுப்பிவை. அந்த ஓட்டை யார் போடுகிறார்கள் என்று தெரிந்தால் அதையும் எழுது.

வெற்றிச்செல்வி


ஓடைக்குறிச்சி, செந்துறை வழி
20-11-2025

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. தபால்காரர் என் பெயரை இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். எனக்கு இதுவரை யாரும் எழுதியதில்லை.

சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது. இப்போதைக்கு அனுப்ப முடியாது.

படிவம் வந்ததும் உண்மைதான். புதிதாக வந்திருக்கும் அங்கன்வாடி டீச்சர் ஜெகதாம்பாள்தான் கொண்டுவந்தார்கள். வாசலில் நின்று, குஞ்சம்மாள் இருக்காங்களா என்று கேட்டார்கள். இருக்காங்க என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வாயில் அப்படித்தான் வந்தது. வெளியே போயிருக்காங்களா என்றார்கள். தலையை ஆட்டினேன். கையெழுத்து வாங்கி வையுங்க, அப்புறம் வரேன் என்று போனார்கள். அதன் பிறகு இரண்டு தடவை வந்துவிட்டார்கள். இரண்டு தடவையும் நான் ஆட்டை ஓட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் போய்விட்டேன்.

யார் போடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தெருவில் யாரைக் கேட்டாலும் அம்மாதான் போடுகிறாள் என்பார்கள். அம்மா போய் இரண்டாவது மாதமே தேர்தல் வந்தது, நினைவிருக்கிறதா? அன்றைக்குப் பாப்பாயி பெரியம்மா பார்த்திருக்கிறது. மத்தியானம், வரிசையின் கடைசியில், கத்திரிப்பூ சேலையை முக்காடு போட்டுக்கொண்டு அம்மா நின்றாளாம். பெரியம்மா கூப்பிட்டதற்குத் திரும்பவில்லையாம். அதிலிருந்து ஓட்டு நாளில் நம் தெருப் பெண்கள் வரிசையின் கடைசியில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் நிற்கிறார்கள். நல்லதம்பியின் அப்பாவும் பார்த்திருக்கிறார். வெறும் நாள், ஓட்டுகூட இல்லை. உச்சி வெயிலில் பள்ளிக்கூடப் படியில் அம்மா உட்கார்ந்திருந்தாளாம். சாகும்வரை அவர் அந்தப் பாதையில் நடக்கவில்லை, வயலுக்குச் சுற்றிக்கொண்டு போனார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீங்கள் மகள், கையெழுத்து உங்களுடையதுதான். அதை அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்திலேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டீர்கள்.

சுமதி


குரும்பலூர்
27-11-2025

சுமதிக்கு,

நான் பேய்க்கதை கேட்கவில்லை.

பள்ளிக் கம்ப்யூட்டரில் நம் தெருப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அம்மா இருக்கிறாள். பாப்பாயி பெரியம்மா இருக்கிறது. உன் பெயர் இல்லை. முந்தைய பட்டியல்களைத் தேடினேன், அவற்றிலும் இல்லை. உனக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு பட்டியலில்கூட நீ இல்லை.

இதை என்னால் நம்ப முடியவில்லை. எழுபத்தாறில் அம்மா அரியலூர் தாலுகா ஆபீசுக்குப் போய் நின்றது எனக்கு நினைவிருக்கிறது, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பட்டியலில் நம் தெருப் பெண்கள் 'பூமாலை மனைவி', 'பாப்பா', 'பெரிய பாப்பா' என்றுதான் இருந்தார்கள். பெயர் எழுத வந்தவர் ஆண்களிடம் கேட்டார், பெண்டாட்டி பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு அவர்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாற்பத்தேழு பெயரையும், அப்பா பெயர், புருஷன் பெயர், வயது எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொன்னாள். குமாஸ்தா ஒரு முழு நாளும் மறுநாள் பாதியும் எழுதினார். அதன் பிறகு இருபது வருடம் செந்துறையைச் சுற்றி எத்தனை ஊர் நடந்தாள். பேரு கேக்குறவ வந்துட்டா என்று சொல்லுவார்கள். துக்கம் கேட்கப் போன வீட்டில்கூடப் பதினெட்டு முடிந்த பெண் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வருவாள். அவள் உன்னை மட்டும் விட்டிருப்பாளா?

விட்டிருக்கிறாள். ஏன் என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்துவிட்டது. அந்தக் கத்திரிப்பூ சேலை என் முதல் சம்பளத்தில் நான் எடுத்துக் கொடுத்தது. அம்மா போன பிறகு அதை நீ வைத்துக்கொண்டாய். வரிசையில் நிற்பது நீதான்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். உனக்கு எல்லாமே அவளிடமிருந்துதான் வேண்டும், பெயர்கூட. எனக்குப் பத்து வயது நடக்கும்போது என்னைப் பெரம்பலூர் விடுதியில் கொண்டுபோய் விட்டாள். அதற்கு முந்தைய மாதம்தான் பிறந்த குழந்தையான உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டாள். லீவுக்கு வரும்போதெல்லாம் அந்த மடியில் நீ இருந்தாய். அதைத்தான் பதினாறாம் நாள் அப்படிக் கத்தினேன்.

டிசம்பர் ஐந்துக்குள் சான்றிதழ் வரவில்லை என்றால் தாசில்தாருக்கு எழுதுவேன். உன் பெயரையும் எழுத வேண்டிவரும்.

வெற்றிச்செல்வி


ஓடைக்குறிச்சி
2-12-2025

அக்கா,

நீங்கள் என்று எழுத இனிமேல் வராது. வாயில் வருகிறபடியே எழுதுகிறேன்.

ஆமாம், நான்தான். ஆறு தேர்தல் போட்டிருக்கிறேன், பஞ்சாயத்து தனி. அம்மாவின் அட்டையில் இருக்கும் போட்டோவில் மூக்கும் நெற்றியும் தவிர ஒன்றும் தெரியாது. வயதையும் பதினைந்து குறைத்து எழுதிவிட்டார்கள். வெயிலில் கறுத்த முகத்துக்கு யார் வயது பார்க்கிறார்கள். முதல் தடவை மேசையில் இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நல்லதம்பிக்கு நான் யார் என்று நன்றாகத் தெரியும். அவன் என்னைப் பார்க்காமல், "தெரிஞ்சவங்கதான், விடுங்க சார்" என்றான். என் விரலில் மை வைத்தார்கள்.

அம்மா ஏன் என் பெயரைச் சேர்க்கவில்லை என்று கேட்கிறாய். பதினெட்டு முடிந்ததும் நானே கேட்டேன். அன்றைக்குத்தான் என்னைப் பெற்றவள் கொளஞ்சியம்மாள் என்று சொன்னாள். ஊரில் அரசல்புரசலாகக் கேட்டிருந்தாலும் அம்மா வாயால் கேட்டது அன்றைக்குத்தான். ஓட்டுப் போட வெயிலில் நாள் முழுக்க நின்று, சாயங்காலம் என்னைப் பெற்று, மறுநாள் செத்துப் போனவள் என்றாள். அவளைப் புதைக்கும் முன்னால் அம்மா அவள் தலைமாட்டில் சத்தியம் செய்திருக்கிறாளாம், இந்தப் புள்ளய அந்த வரிசையில நிக்க விட மாட்டேன் என்று. எத்தனையோ ஊர்ப் பெண்களை இழுத்துக்கொண்டுபோய் வரிசையில் நிறுத்தியவள் ஓட்டு நாளில் என்னை மட்டும் வீட்டுக்குள் வைத்து வெளியே நாதாங்கி போட்டுவிட்டுப் போவாள். தொண்ணூற்றாறில் வார்டு மெம்பருக்கு நிற்கச் சொல்லிக் கேட்டு வந்தவர்களிடம், "நின்னவ ஒருத்தியப் பாத்துட்டேன், போதும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

கடைசி மூன்று மாதம் நீ இல்லை. படுத்த படுக்கையில் அந்த நாற்பத்தேழு பெயரையும் வரிசையாகச் சொல்லுவாள். எழுதிக்கொள்ளுங்க சார் என்பாள். கொளஞ்சி பெயர் வரும்போது நின்றுவிடும். "கொளஞ்சி, வெயில்ல நிக்காத, இங்க வா" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிடுவாள். பட்டப்பகல், அக்கா. கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து படுத்துப் பக்கத்தில் இடம் விடுவாள். நான் வாசலைத் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

அம்மா போன பிறகு வந்த ஓட்டு நாளில் நாதாங்கி போட ஆள் இல்லை. கதவு சும்மா திறந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு சேலையைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். சத்தியம் செய்தது என் பெயருக்குத்தானே, அம்மா பெயரில் நின்றால் அது மீறினதாகாது என்று நினைத்தேன். திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்தது. அது தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் அடித்திருப்பாள்.

சான்றிதழ் இத்துடன் வைத்திருக்கிறேன். தாசில்தாருக்கு என்ன எழுத வேண்டுமோ எழுது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் பிறந்த அன்றைக்கு நீ அங்கே இருந்தாய். அம்மா பாதிதான் சொன்னாள். பெரிய வீட்டு ஆட்கள் தள்ளிவிட்டதால்தான் கொளஞ்சி செத்தாள் என்று தெருவில் சொல்லுகிறார்கள். அப்படியா?

சுமதி


குரும்பலூர்
9-12-2025

சுமதி,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துப் போய், திரும்ப எடுத்து வந்தேன். நாலு நாளாகப் பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

யாரும் தள்ளிவிடவில்லை.

எழுபத்தேழு ஜூன். காலை ஏழு மணிக்கே நாற்பத்தேழு பேரும் போனார்கள். உங்க ஓட்டெல்லாம் போட்டாச்சு, போங்க என்றார்கள். கதவு திறக்கும் முன்பே பட்டியலில் எல்லாப் பெயருக்கும் கோடு விழுந்திருந்தது. அம்மா கத்தவில்லை. பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்தாள். "எங்க பேரச் சொல்றோம், எங்க சீட்டக் குடுங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். சட்டத்தில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒருவர் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால், உண்மையான ஆளுக்குத் தனியாக ஒரு சீட்டுத் தர வேண்டும். அதைப் பெட்டியில் போடாமல் உறையில் வைப்பார்கள். எண்ணமாட்டார்கள். அரியலூர் குமாஸ்தா அம்மாவிடம் அதைச் சொல்லியிருந்தார். அதிகாரி தரமாட்டேன் என்று மூன்று மணிவரை சாதித்தார். பெண்கள் வரிசையை விட்டு நகரவில்லை.

எனக்குக் குடத்திலிருந்து வரிசைக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கும் வேலை. கொளஞ்சி சித்தி நடுவில் நின்றது. நிறைமாதம். சாப்பாட்டு நேரம் தாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டது. "செல்வி, வலிக்குதுடி. நான் வூட்டுக்குப் போறேன்னு உங்க அம்மாகிட்ட சொல்லிட்டு வா" என்றது. ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா அதிகாரியையே பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம்னு சொல்லு. ஒருத்தி போனா எல்லாரும் போயிடுவாங்க" என்றாள்.

நான் திரும்பி வந்து என்ன சொன்னேன் தெரியுமா? "போகக் கூடாதுன்னு அம்மா சொல்லுச்சு" என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் என்று சொல்லவில்லை. பத்து வயதுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கலாம். அல்லது அம்மாவின் அதிகாரம் என் வாயில் வந்ததில் எனக்குப் பெருமையாக இருந்திருக்கலாம். சித்தி என் கையை விட்டது. அப்புறம் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

மூன்று மணிக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். சித்தி ரேகை வைத்து, ஓட்டைக் குத்தி, மடித்துக் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு நீ பிறந்தாய். ரத்தம் நிற்கவில்லை. மறுநாள் பதினோரு மணிக்குச் சித்தி போய்விட்டது. உன் அப்பா பூமாலை ஊரை விட்டுப் போனவர் வரவே இல்லை.

நான் என்ன சொன்னேன் என்று அம்மா என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. அடுத்த மாதம் விடுதியில் விட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அனுப்பினாள் என்று இந்த வயதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தேர்தலிலும் கர்ப்பமாக யாராவது வரிசையில் வந்தால் எழுந்துபோய் நானே உள்ளே கூட்டிவருவேன். கூட வேலை பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள்.

பதினாறாம் நாள் எல்லார் முன்னாலும், நீ அம்மாவுக்கு யார் என்று உன்னைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

சான்றிதழைத் திருப்பி அனுப்புகிறேன். அம்மா படிவத்தில் நீயே கையெழுத்துப் போடு. உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுது. உன் பெயரைச் சேர்க்க ஆறாம் நம்பர் படிவமும் வைத்திருக்கிறேன். உன் பள்ளிக்கூடச் சான்றிதழில் தாயார் குஞ்சம்மாள் என்றுதான் இருக்கிறது. பழைய பட்டியலில் அவள் பெயர் இருப்பதால் அது உனக்குப் போதும். விசாரணைக்குக் கூப்பிட்டால் காட்டுவதற்கு நானும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். சேர்ப்பதும் சேர்க்காததும் உன் இஷ்டம். தாசில்தாருக்கு நான் எழுதவில்லை. பதினேழு தேர்தல் பார்த்தவள் செய்யக் கூடாத காரியம் அது, தெரிந்தேதான் செய்கிறேன். ஆனால் இனி ஒரு தடவைகூட அம்மா பெயரில் நீ போய் நிற்கக் கூடாது.

அக்கா


ஓடைக்குறிச்சி
26-2-2026

அக்கா,

இரண்டு மாதமாகப் பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. முதல் பத்து நாள் கோபம்தான். உன்மேலா, அம்மாமேலா என்று தெரியாமல் ஆட்டுக்குட்டிகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு எழுத உட்கார்ந்தால் பயமாக இருந்தது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடைசி நாட்களில் அம்மா சொன்னதில் ஒரு பேச்சு எனக்குப் புரியாமலே இருந்தது. "சின்னப் புள்ளகிட்ட சொல்லி வுட்டேனே, எந்திரிச்சு நானே போயிருக்கணும்ல" என்பாள். என்னைத்தான் ஏதோ சொல்லுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. நீ என்ன சொன்னாய் என்பதை அவள் நினைக்கவே இல்லை, அக்கா. தான் எழுந்து போகாததைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

விடுதி விஷயம் பாப்பாயி பெரியம்மாவைக் கேட்டேன். அந்த ஓட்டுக்குப் பிறகு நம் தெருப் பெண்களுக்கு ஊரில் ஒரு வருடம் யாரும் வேலை கொடுக்கவில்லையாம். அம்மா ரெட்டிபாளையத்துக்குப் போய்ச் சுண்ணாம்புக் கல் உடைத்திருக்கிறாள். "பெரியவளாவது மூணு வேள சோறு திங்கட்டும்னுதான் கொண்டுபோய் வுட்டா. வுட்டுட்டு வந்து ரெண்டு நாளு பேசல" என்றது பெரியம்மா. கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஜெகதாம்பாள் டீச்சர் நாலாவது தடவை வந்தபோது நான் ஓடைக்குப் போகவில்லை. உட்காரச் சொல்லி, அம்மா செத்துப் பதினான்கு வருடம் ஆகிறது என்று சொன்னேன். டீச்சர் திட்டவில்லை. "எனக்குத் தெரியும்மா, நீயா சொல்லட்டும்னுதான் இருந்தேன்" என்றார்கள். இறந்துவிட்டார் என்ற கட்டத்தில் கோடு போடும்போது என் கை வரவில்லை. டீச்சர் பேனாவைப் பிடித்துக் கொடுத்தார்கள். மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சரியாகத்தான் எழுதினேன், எழுத்துப்பிழை இல்லை.

ஜனவரியில் செந்துறையில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இத்தனை வயதுவரை ஏன் சேர்க்கவில்லை என்று அதிகாரி கேட்டார். உன் கடிதத்தைக் கொடுத்தேன். 'என் தங்கை சுமதி' என்று தொடங்கியிருந்ததை அவர் சத்தமாகப் படித்தார். பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டது. பெற்றவள் வேறு, வளர்த்தவள் வேறு என்று நானே அவரிடம் சொல்லிவிட்டேன். பட்டியலில் ஒரு பெயர்தான் போட முடியும், யார் பெயர் போட என்றார். வளர்த்தவள் பெயர் சொன்னேன். கொளஞ்சியம்மாள் பெயரை எங்கேயாவது எழுதிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அதற்குப் படிவத்தில் இடம் இல்லை என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, தன் நோட்டில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இறுதிப் பட்டியலைப் பள்ளிக்கூடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அந்த நாற்பத்தேழு பேரில் இப்போது பாப்பாயி பெரியம்மா மட்டும்தான் இருக்கிறது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அதன் பெயரைப் படித்துக் காட்டினேன். குஞ்சம்மா பேரு என்று கேட்டது. இல்லை என்றேன். பெரியம்மா கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தைத் தடவிக்கொண்டு நின்றது. பிறகு, "போகட்டும். எத்தன நாளுதான் நிப்பா" என்றது. அதற்குத் தெரியும் போலிருக்கிறது, முதல் நாளிலிருந்தே.

என் பெயர் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

தேர்தல் அன்றைக்கு உனக்கு எங்காவது சாவடியில் வேலை போட்டிருப்பார்கள். நீ வர முடியாது, இருக்கட்டும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆறு தேர்தலில் இல்லாத பயம். மேசையில் இருப்பவர் பெயரைக் கேட்டால் பழக்கத்தில் வேறு பெயர் வந்துவிடுமோ என்று இருக்கிறது. அதனால் ஆடு மேய்க்கும்போது ஓடைக்கரையில் நின்று என் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பழகுகிறேன்.

சுமதி